பதில் வராமல் மணி இல்லை

சென்ற மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது தமிழ் கற்பிக்கும் கவிதா பேசினார். ஆசிரியர்களுக்கு ஊக்க நாள் நடக்கப்போகிறதாம். ‘சுனாமிக்குப் பிறகு பயத்தை வென்றது எப்படி’ என்று பழைய ஆள் ஒருவர் அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

“பயத்தை நாங்க ஜெயிக்கலையேம்மா” என்றேன்.

“சும்மா அடக்கமா பேசாதீங்க சார்.”

“அடக்கமெல்லாம் இல்ல. பயந்தோம், ஓடினோம். வெளிய வந்து நின்னு பேர் கூப்பிட்டோம். அவ்வளவுதான்.”

கவிதா கவலையோடு, “பாசிட்டிவா ஏதாவது இருந்தா நல்லா இருக்கும் சார்” என்றார்.

இதைவிடப் பாசிட்டிவாக என்னிடம் எதுவும் கிடையாது. மேடையில் சொன்னால் நடுவில் கைதட்டிக் கெடுத்துவிடுவார்கள். ஆகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஞானசேகரன். பரமக்குடிப் பக்கத்துக்காரன். 1978இல் சென்னையிலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்தேன். பி.எட். படித்ததும் வேலைக்கு அலைந்ததும் எல்லோருக்கும் உள்ள கதைதான். சமூக அறிவியல் ஆசிரியனாக டிக்லிபூர், கமோர்ட்டா, ஹட்பே என்று சுற்றிவிட்டு, 2002இல் போர்ட் பிளேயரில் பத்துபஸ்திக்கு அருகே ஒரு பள்ளிக்குத் துணை முதல்வராக வந்து சேர்ந்தேன். 2013இல் துணை முதல்வராகவே ஓய்வு பெற்றேன். ஏன் முதல்வராகவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பதில். அன்றாடம் நடந்ததை அன்றே தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. “உங்க அப்பா கல்யாணத்தன்னிக்கும் முதல்ல தேதியத்தான் எழுதியிருப்பார்” என்று என் மனைவி பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆகவே வரிசை தப்பியிருக்க வாய்ப்பில்லை.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்குப் பின்னால் வந்த வேலை நாட்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. எங்கள் பள்ளி மேட்டில் இருந்தது, கடல் எட்டவில்லை. கட்டடத்தில் விரிசல் மட்டும். சில வாரங்கள் வகுப்பறைகளில் முகாம் நடந்தது. முகாம் கலைந்ததும் விரிசல்களில் சிமெண்டைப் பூசி, வெள்ளையடித்து, பள்ளியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தோம். ஆனால் பூமி நிற்கவில்லை. மாதக்கணக்கில் சின்னதும் பெரியதுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால் இன்னொரு சங்கடம். விமானம் இறங்கும்போதும் ஜன்னல்கள் அதிரும். முதல் வாரங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தால் உடனே அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார்கள். விசிறியின் கம்பி ஆடாவிட்டால் விமானம். ஆடினால் பூமி. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று முகங்கள் எல்லாம் கூரையைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

2005 ஜூன் மாதம் ஒரு நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாடிப்படியில் இறங்கியதில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதைவிட மோசம், யார் வெளியே வந்தார்கள், யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாசலில் பெற்றோர் கத்துகிறார்கள், நாங்கள் விழிக்கிறோம். அன்று மாலை முதல்வரிடம் போனேன்.

முதல்வர் பிஸ்வாஸ் மேடம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து டிக்லிபூரில் குடியேறிய குடும்பம். எதற்கும் பதில் சொல்லுமுன் மேசை மேல் இருக்கும் சாமான்களை நேராக்குவார். பேனா, முத்திரை, காகிதக்கல், தண்ணீர் டம்ளர். எல்லாம் நேரானதும், “ஊப்பர்ஸே க்யா போலேங்கே?” என்பார். மேலே என்ன சொல்வார்களோ என்று அர்த்தம். அதன்பின், “தேக்தே ஹைன்”, பார்ப்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ‘பார்ப்போம்’ என்றால் மறுப்பில்லை என்பது எனக்கு அதற்குள் பழகியிருந்தது.

நான் கேட்டது இதுதான். விசிறிக் கம்பி ஆடுவதை யார் முதலில் பார்த்தாலும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே ஆனாலும், “நிக்லோ!” என்று கத்தலாம். வெளியேறச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு ஆசிரியரின் அனுமதி தேவையில்லை. பை வேண்டாம், செருப்பு வேண்டாம். மாடிக்காரர்கள் சுவர்ப் பக்கமாக ஒற்றை வரிசையில் இறங்குவது. மைதானத்தில் வகுப்புவாரியாக நிற்பது. அங்கே பெயர் கூப்பிடுவோம். கையைத் தூக்கினால் போதாது, வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முடிந்ததும் ஆசிரியர்கள், எழுத்தர், பியூன், மதிய உணவு சமைப்பவர்கள் எல்லோருக்கும் பெயர் கூப்பிடுவது. எல்லாப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் லக்ரா மணியடிப்பார். லக்ரா எங்கள் பியூன், ராஞ்சிக்காரர். தண்டவாளமே இல்லாத ஊரில் கப்பல் பட்டறையிலிருந்து ஒரு இரும்புத் தகட்டை வாங்கிவந்து மரத்தில் தொங்கவிட்டு அதைத்தான் மணி என்று அடித்துக்கொண்டிருந்தார். அந்த மணி கேட்காமல் ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

மேடம் டம்ளரை நகர்த்தினார். “தேக்தே ஹைன்.”

இரண்டு மாதத்தில் பள்ளி இதற்குப் பழகிவிட்டது. ஓடுவார்கள், நிற்பார்கள், பதில் சொல்வார்கள், திரும்பிப் போய் விட்ட வரியிலிருந்து படிப்பார்கள். அழுகை குறைந்தது. ஓடுவது நிற்கவில்லை, நிற்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. கணக்குப் பரீட்சை அன்று விசிறி கொஞ்சம் அதிகமாக ஆடும் என்பது உண்மை. அதற்காக ஒரு பயலையும் நான் தண்டித்ததில்லை. நூறு பொய்க் கூச்சலைத் தாங்கிக்கொள்ளலாம், வாய் மூடிப் பழகிய ஒரு பிள்ளையைத் தாங்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து கல்வித் துறைக்கு டெபுடேஷனில் ஒரு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காலையில் ஓட்டப்பயிற்சி செய்பவர், எல்லோரிடமும் கைகுலுக்குபவர். பாட நேரம் வீணாகிறது, தேர்ச்சி சரிகிறது, பிள்ளைகளின் மனவலிமையைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக ஒரு ஷீல்டு செய்துவந்தார். மரத்தில் பித்தளைச் சிங்கம். நில அதிர்வு வந்தாலும் இடத்தை விட்டு எழாமல் பாடத்தைத் தொடரும் வகுப்புக்கு ‘நிடர்’, அதாவது அஞ்சாத வகுப்பு என்று பட்டம். ஷீல்டு அந்த வகுப்பின் சுவரில் தொங்கும்.

முதல் ஷீல்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனது. வகுப்பாசிரியர் தனபாலன்.

தனபாலனைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். “எழுதுங்க சார். ஆனா ஓடினதையும் எழுதணும். அத விட்டுட்டு எழுதினா நான் சும்மா இருக்கமாட்டேன்” என்றார். இலங்கை மலையகத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் கொண்டுவரப்பட்ட குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கணக்கு ஆசிரியர். 2004 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மனைவியோடு கச்சாலுக்குப் போனவர், தனியாகத் திரும்பினார். புரோத்ராபூரில் வாடகை வீடு. காலையில் முதல் பஸ்ஸில் வருவார், கடைசி பஸ்ஸில் போவார். ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. அதிர்வு வரும்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் கை நிற்காது. அவர் அசையாததால் பிள்ளைகளும் அசையவில்லை. அதிகாரி காலைக் கூட்டத்தில் அவரை மேடையில் ஏற்றி, “இவரைப் பாருங்கள். இழப்பை ஜெயித்த மனிதர்” என்றார். தனபாலன் ஷீல்டை வாங்கினார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. நூலகத்தில் மனநலம் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் நிலைமைக்கு எதுவும் நேராகப் பொருந்தவில்லை. நடந்து முடிந்த ஆபத்துக்குப் பயப்படுவதைப் பற்றி நிறைய இருந்தது. முடியாத ஆபத்துக்குப் பயப்படுவது நோயா என்று அவற்றில் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் எட்டாம் வகுப்பில் நடந்தது கண்ணைத் திறந்தது. அதிர்வு வந்தது. ஷீல்டு வாங்கிய ஒன்பதாம் வகுப்பைத் தவிர மற்ற வகுப்புகள் மைதானத்தில். அவற்றில் எட்டாம் வகுப்பு மட்டும் வரவில்லை. உள்ளே தடதடவென்று சத்தம். வகுப்புத் தலைவன் கதவை உள்பக்கம் தாழிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறான். ஆசிரியர் அந்த நேரம் அலுவலகத்தில். ஹட்பேயிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்த ஒரு பெண், முகாமில் தங்கிப் படித்தவள், அவன் கையைக் கடித்துத் தாழைத் திறந்தாள்.

“ஏன்டா தாழ் போட்ட?”

“ஷீல்டு சார்! எல்லாரும் ஓடிட்டா நமக்கு ஷீல்டு கெடைக்காதே!” அழுதுகொண்டே கையைக் காட்டினான். “இவ கடிச்சிட்டா சார்.”

“சரியாத்தான் கடிச்சிருக்கா” என்றேன். “மருந்து போட்டுக்க, போ.”

அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். பரிசு வைத்தால் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். எதற்குப் பரிசு வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புச் சுவரிலிருந்து ஷீல்டைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, அதிகாரியின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன். பிஸ்வாஸ் மேடத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் முத்திரையை நேராக்கி, “தேக்தே ஹைன்” என்றிருந்தார்.

அதிகாரி சிங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாஸ்டர்ஜி, பச்சோன் கோ டர்னா சிகா ரஹே ஹோ?” பிள்ளைகளுக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்கிறாயா என்று கேட்கிறார்.

எனக்கு அந்தமான் ஹிந்தி நன்றாக வரும். “பயத்தை பூமி கத்துக்கொடுக்குது சாப். வரிசையில நிக்க மட்டும்தான் நான் கத்துக்கொடுக்கிறேன்” என்றேன்.

“உங்கள் தனபாலன் பயப்படவில்லையே?”

ஷீல்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அதிர்வின்போது வகுப்பில் உட்கார்ந்திருக்க யாருக்கும் அனுமதி இல்லை என்று அறிவித்தேன். யாருக்கும் என்றால் ஆசிரியர்களுக்கும்.

அக்டோபரில் ஒரு முற்பகல். மழை பிடித்துக்கொண்டிருந்தது. விசிறி ஆடியது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு கீச்சுக் குரல் “நிக்லோ!” என்றது. பள்ளி மொத்தமும் மைதானத்துக்கு வந்தது, ஒன்பதாம் வகுப்பும் வந்தது. பெயர்கள் கூப்பிட்டேன். பிள்ளைகள் முடிந்தார்கள், ஆசிரியர்களுக்கு வந்தேன்.

“தனபாலன்.”

பதில் இல்லை.

“தனபாலன்!”

ஒன்பதாம் வகுப்பு தலையைக் குனிந்துகொண்டது. லக்ரா சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். மழை. பிள்ளைகளின் சட்டைகள் உடம்போடு ஒட்ட ஆரம்பித்தன. பிஸ்வாஸ் மேடம் குடையோடு பக்கத்தில் வந்து, “சார், மணி அடித்துவிடலாமே?” என்றார்.

“ஒரு பேர் பாக்கி இருக்கு மேடம்.”

கட்டடத்துக்குள் யாரும் போகக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் வெளியே சுற்றிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்குப் போனேன். தனபாலன் காலி வகுப்பில், மேசைக்குப் பின்னால், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“வெளிய வாங்க தனபாலு.”

“நீங்க மணி அடிச்சிருங்க சார்.”

“பேருக்குப் பதில் வரலையே.”

“ஆப்சென்ட் போட்டுக்கங்க.”

“கண்ணு முன்னாடி உக்காந்திருக்கற ஆளுக்கு எப்படி ஆப்சென்ட் போடறது?”

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. “நான் வரலீங்க. ஒரு தடவ ஓடினேன் சார். போதும்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூரைத் தண்ணீர் முதுகில் கொட்டியது. அவராகவே சொன்னார். பாடம் நடத்தும் அதே குரலில், நிதானமாக.

“ஆட்டம் நின்னதும் எல்லாரும் வெளிய வந்து நின்னுக்கிட்டு இருந்தோம். யாரோ கத்துனாங்க. நான் ஓடிட்டேன் சார். ரப்பர்த் தோட்டத்து மேட்டுல ஏறி ஏறி ஓடினேன். அவ பின்னால வர்றான்னு நெனச்சேன். கூப்பிட்டாளா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பாக்கல. மேல போயி நின்னுதான் பாத்தேன். அப்ப பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல.” ஷீல்டு தொங்கிய சுவரைப் பார்த்தார். “எனக்குப் போயி சிங்கம் குடுத்தாங்க.”

என்ன சொல்வது? ‘அது உங்கள் குற்றமில்லை’ என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அதை அவரிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், அது அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. எனக்கு அப்போது புரிந்தது ஒன்றுதான். இந்தப் பள்ளியில் பயப்படாத ஒரே ஆள், கூரை விழட்டும் என்று காத்திருக்கிறார். அதை வீரம் என்று நாங்கள் மேடையேற்றியிருக்கிறோம்.

“சரி” என்றேன். “நானும் இங்கயே நிக்கறேன்.”

“பிள்ளைங்க நனையுதுங்க சார்.”

“ஆமா. நனையுதுங்க.”

“காய்ச்ச வந்துரும்.”

“வரும்.”

“மணி அடிங்க சார்!” முதல் முறையாகக் குரல் உயர்ந்தது.

“நீங்க இல்லாம அடிக்கமாட்டேன். இன்னிக்கும் அடிக்கமாட்டேன், எப்பவும் அடிக்கமாட்டேன். யாரையும் விட்டுட்டுப் போற பழக்கம் இங்க இல்ல.”

கடைசியில் சொன்ன அந்த வார்த்தை யோசித்துச் சொன்னதல்ல. அவர் என்னை வெறுப்போடு பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்தார். ஓடவில்லை, நடந்தார். சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்து, மழையில் என்னைத் தாண்டும்போது, “நீங்க ரொம்பப் பொல்லாத ஆளு சார்” என்றார். ஆசிரியர் வரிசையில் போய் நின்றார். நான் மறுபடி பெயரைக் கூப்பிட்டேன். வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கினார். அந்த ஒரு ஆளுக்கு மட்டும் கையை ஒப்புக்கொண்டேன். லக்ரா இரும்பை அடித்த அடியில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

மறுநாள் பாதிப் பள்ளி தும்மியது. பெற்றோர் புகார் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். அதிகாரியிடமிருந்து எனக்கு மெமோ வந்தது. பிள்ளைகளை மழையில் நிறுத்தியது ஏன், ஊக்கத் திட்டத்தைக் குலைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் எழுதினேன்: ‘கூப்பிட்ட பெயருக்குப் பதில் வராதபோது மணி அடிப்பதில்லை, இனியும் அப்படியே.’ அந்த வருடம் என் பணி பற்றிய ரகசிய அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் தெரிந்துகொண்டேன். வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. மறுபடி அந்த நாள் வந்தால் வேறு மாதிரி செய்வேனா என்றால், குடைகள் வாங்கிவைத்திருப்பேன். வேறு மாற்றம் இல்லை.

அடுத்த வாரம் தனபாலனை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் பொறுமைசாலி. மருந்தும் மூன்று மாத ஓய்வும் எழுதிக்கொடுத்தார். விடுப்பு விண்ணப்பம் மேலே போய்த் திரும்பி வந்தது. மனவலிமைக்காகப் பாராட்டப்பட்ட ஆசிரியருக்கு மனநலக் காரணத்தில் விடுப்பு எப்படி என்று ஓரத்தில் கேள்வி. அவர்கள் கொடுத்த ஷீல்டே அவர் கழுத்தில் விழுந்துவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு பிஸ்வாஸ் மேடத்திடம் போனேன். நீண்ட நேரம் சாமான்களை நேராக்கினார். எல்லாம் நேராக இருந்தும் மறுபடி நேராக்கினார். பிறகு பேனாவை எடுத்து, தன் பொறுப்பில் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஊப்பர்ஸே க்யா போலேங்கே மேடம்?” என்று நானே கேட்டேன்.

“போல்னே தோ” என்றார். சொல்லட்டும்.

தனபாலன் விடுப்பு முடிந்து திரும்பினார். மாதம் ஒருமுறை மருத்துவரிடம் போனார், சில மாதம் என்னோடு, பிறகு தனியாக. அதிர்வு வரும்போது வெளியே வந்தார், ஆனால் எப்போதும் கடைசியாக, எப்போதும் நடந்து. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவார். குரல் கிடையாது. வருடங்கள் போயின. மேடம் ஓய்வு பெற்றார், அதிகாரி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார். அதிர்வுகளும் குறைந்தன. புதிதாக வந்த ஆசிரியர்கள் எங்கள் பெயர் கூப்பிடும் வழக்கத்தைப் பார்த்து, “இன்னும் எதுக்கு சார் இந்த நாடகம்?” என்றார்கள். நடத்தினேன். கடைசி வருடங்களில் என் முழங்கால் போய்விட்டது. பெயர் கூப்பிடும் வேலையைத் தனபாலனிடம் கொடுத்தேன். மற்றவர் பெயரை எல்லாம் கூப்பிடுவார். முடிந்ததும் தன் முறைக்கு லக்ராவைப் பார்த்துக் கையைத் தூக்குவார், லக்ரா மணியடிப்பார்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர்களுக்கு ஊக்கப் பயிற்சி என்று மெயின்லேண்டிலிருந்து ஒரு இளம் பெண் வந்திருந்தார். நல்ல பெண், நல்ல குரல். மூச்சை இழுத்து விடச் சொன்னார். “இப்போது கண்களை மூடுங்கள். மனதை அமைதிப்படுத்துவோம். நீங்கள் ஒரு கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அலைகள் மெதுவாக உங்களை நோக்கி வருகின்றன…”

எனக்குப் பின் வரிசையில் லக்ரா, “ஹே ராம், வேறு இடமே கிடைக்கவில்லையா இந்தப் பெண்ணுக்கு?” என்று ஹிந்தியில் முணுமுணுத்தார். கண்ணை மூடியபடியே பாதிப் பேர் சிரித்தோம்.

எங்களில் ஒருவர் கண்ணை மூடவில்லை. மணி இரண்டு தாண்டியிருந்தது.

“நிக்லோ!”

தனபாலனின் குரல். ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அண்ணாந்து பார்த்தேன். விசிறிக் கம்பி பெரிதாக, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் சரிந்தன. தனபாலன் வாசல் வரை ஓடினார். நின்றார். திரும்பினார். பாதி எழுந்த நிலையில் முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

“நடங்க சார், நடங்க! பொல்லாத ஆளு, இப்பப் போயி உக்காந்துகிட்டு!”

பயிற்சியாளர் மேடையிலேயே நின்று, “பதற்றம் வேண்டாம், மூச்சைக் கவனியுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “மேடம், மூச்ச வெளிய வந்து கவனிங்க! பாகோ, ஓடுங்க!” என்று கத்தினார் தனபாலன். அந்தப் பெண் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். சுமத்ராவுக்கு அப்பால் பெரிய பூகம்பம் என்றும் சுனாமி எச்சரிக்கை என்றும் சற்று நேரத்தில் தெரியவந்தது. அன்று அலை வரவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எங்களுக்கு அது தெரியாது. தனபாலனின் முகம் வேர்த்து ஒழுகியது, உதடு துடித்தது. பயந்திருந்தார். அவ்வளவு நன்றாகப் பயந்திருந்த ஒரு முகத்தை நான் மகிழ்ச்சியோடு பார்த்தது அதுவே முதல் முறை.

வரிசையில் நின்றோம். அவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். புதிய ஆசிரியர்கள் ஒருவர்கூட நாடகம் என்று சொல்லவில்லை, உரக்கப் பதில் சொன்னார்கள். என் பெயரைக் கூப்பிட்டார், சொன்னேன். லக்ரா சொன்னார். பிறகு தனபாலன் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“மேடம், உங்க பேரு என்னா?”

“நான்… நான் ஸ்டாஃப் இல்லையே சார்.”

“இங்க நிக்கிறீங்கள்ல? பேரச் சொல்லுங்க.”

சொன்னார். அவர் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். வெறுங்காலோடு நின்றிருந்த அந்தப் பெண் விசும்பிக்கொண்டே, “பிரசண்ட் சார்” என்றார்.

லக்ரா சுத்தியலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். வழக்கம்போல் தனபாலனின் கைக்காகப் பார்த்தார். கை எழவில்லை.

“இருங்க லக்ரா. ஒரு பேர் பாக்கி இருக்கு.”

மைதானத்தின் நடுவில் நேராக நின்றுகொண்டு, எல்லோரையும் கூப்பிட்ட அதே குரலில், “தனபாலன்!” என்று கூப்பிட்டார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அவரே, இன்னும் உரக்க, “இருக்கேன்!” என்றார்.